ஏக்கருக்கா, லிட்டருக்கா?
தொப்பூர்ப் பகுதியில் பாசன அளவும் விளைச்சல் கணக்கும்

1. கேள்வி

தொப்பூர் என்றால் நாளிதழ் வாசகருக்குக் கணவாயும் லாரி விபத்தும்தான் நினைவுக்கு வரும். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி நெடுஞ்சாலை இறங்கும் அந்தச் சரிவுக்கு அருகிலேயே, சேர்வராயன் மலைப்பகுதியிலிருந்து வரும் தொப்பையாற்றை மறித்து ஓர் அணை இருக்கிறது. தருமபுரி, சேலம் ஆகிய இரு மாவட்ட நிலங்களுக்கும் அதிலிருந்து நீர் பாய்கிறது. மிஞ்சுவது காவிரியில் கலந்து மேட்டூர்க் கணக்கில் சேர்கிறது. அணை எல்லா ஆண்டும் நிரம்புவதில்லை. ஆயக்கட்டுக்கு வெளியே உள்ள நிலமெல்லாம் கிணற்றையும் போரையும் (ஆழ்துளைக் கிணறு) நம்பியது. ஆண்டுக்குச் சுமார் 850 மி.மீ. மழை பெறுவது தருமபுரி மாவட்டம். பாறை நிலம், மெல்லிய செம்மண், வேகமாக உறிஞ்சும் மேல்மண். நிலக்கடலை, கேழ்வரகு, தக்காளி, மரவள்ளி, கரும்பு, மஞ்சள், பூ எல்லாம் இந்த ஒரே நீருக்குப் போட்டியிடுகின்றன.

பாசன அளவைக் குறைத்தால் விளைச்சல் எவ்வளவு குறையும், செலவிட்ட ஒவ்வொரு அலகு நீருக்கும் கிடைக்கும் விளைச்சல் கூடுமா என்ற கேள்வியை வேளாண் ஆய்வு நிலையங்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவருகின்றன. விடைகளுக்கும் பஞ்சமில்லை. அந்த விடைகள் தொப்பூர் போன்ற ஓர் இடத்தில் எந்த அளவுக்குச் செல்லும் என்பதையே இக்கட்டுரை பார்க்கிறது. ஆய்வுத் திடலில் பாசன அளவு என்பது ஆய்வாளர் தேர்ந்தெடுக்கும் ஒன்று. இங்கே அதைப் போரும் மின்சார நேரமும் அணைத் திறப்பும் தேர்ந்தெடுக்கின்றன. இந்த வேறுபாடு கணக்கையே மாற்றிவிடுகிறது என்பது என் வாதம்.

2. இருக்கும் புரிதல்

பயிர் இலைவழியே விடும் நீருக்கும் அது சேர்க்கும் உலர் எடைக்கும் நேர்த்தொடர்பு உண்டு. டச்சு அறிஞர் டி விட் 1958இல் இதைத் தெளிவாக நிறுவினார். இலைத்துளை திறந்தால்தான் கரியமில வாயு உள்ளே வரும். அதே வழியில்தான் நீராவி வெளியேறும். ஒன்றைத் தடுத்து மற்றதை மட்டும் பெற முடியாது. ஆகவே பயிர் 'குடித்த' நீருக்கும் விளைச்சலுக்கும் இடையிலான கோடு ஏறக்குறைய நேராகவே ஓடும்.

வயலில் நாம் 'விட்ட' நீருக்கும் விளைச்சலுக்கும் இடையிலான கோடு அப்படி ஓடாது. முதலில் செங்குத்தாக ஏறி, பிறகு சாய்ந்து, கடைசியில் படுத்துவிடும். விட்ட நீரில் ஒரு பங்கு வேருக்குக் கீழே இறங்குகிறது, ஒரு பங்கு மண்பரப்பிலிருந்தே ஆவியாகிறது, ஒரு பங்கு வரப்புக்கு வெளியே போகிறது. நீரைக் கூட்டக் கூட்ட இந்தப் பங்குகளும் பெருகுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. ஹெக்டேருக்கு 300 மி.மீ. நீர் விட்டால் 1,500 கிலோ, 400 விட்டால் 2,200, 500 விட்டால் 2,600, 600 விட்டால் 2,750 என்று வைத்துக்கொள்வோம். மில்லிமீட்டருக்குக் கிடைப்பது முறையே 5.0, 5.5, 5.2, 4.6 கிலோ. நீர்ப் பயன்பாட்டுத் திறன் 400இல் உச்சம். விளைச்சல் 600இல் உச்சம். இவ்விரு உச்சங்களும் ஒரே இடத்தில் அமைவது அரிது. ஆய்வு நிலைய அறிக்கைகளில் மீண்டும் மீண்டும் தென்படும் வடிவமும் இதுதான்: நடுத்தரப் பாசனத்தில் திறன் அதிகம், முழுப் பாசனத்தில் விளைச்சல் அதிகம்.

பாசன அளவை ஆய்வில் வரையறுக்க இந்தியாவில் பெரிதும் வழங்குவது, 1970களில் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தில் பிரிஹாரும் சக ஆய்வாளர்களும் பரப்பிய விகித முறை. விடும் நீரின் ஆழத்தை, ஆவியாதல் தட்டில் முந்தைய பாசனத்திலிருந்து குறைந்த நீரின் கூட்டுத்தொகையால் வகுப்பார்கள். தண்ணீர் 5 செ.மீ., விகிதம் 0.75 என்றால், தட்டில் 67 மி.மீ. ஆவியானதும் பாய்ச்ச வேண்டும். நாளுக்கு 6 மி.மீ. ஆவியானால் 11 நாளுக்கு ஒரு தண்ணீர். விகிதம் 1.0 என்றால் 8 நாளுக்கு ஒன்று, 0.6 என்றால் 14 நாளுக்கு ஒன்று. 'பாசன நிலைகள்' என்று கட்டுரைகள் சொல்வது பெரும்பாலும் இந்த இடைவெளிகளைத்தான்.

நெல்லுக்குக் கதை சற்று வேறு. எப்போதும் நீர் நிற்க வேண்டியதில்லை, கட்டிய நீர் மறைந்த மறுநாள் 5 செ.மீ. விட்டால் போதும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பழைய பரிந்துரை. வயலில் துளையிட்ட குழாயைப் பதித்து, நீர் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு பாய்ச்சுவது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் முறை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல் வளர்த்தவர்களுக்கு இதில் குழாய் மட்டும்தான் புதிது.

3. வகுக்கும் எண் எது?

திறன் என்பது ஒரு வகுத்தல். மேலே விளைச்சல், கீழே நீர். மேலே உள்ளதைத் தராசில் நிறுத்துவிடலாம். கீழே உள்ளது எந்த நீர் என்பதில்தான் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு. சிலர் பாய்ச்சிய நீரை மட்டும் எடுப்பார்கள். சிலர் பயன்பட்ட மழையையும் சேர்ப்பார்கள். சிலர் பயிரும் மண்ணும் சேர்ந்து ஆவியாக்கியதை எடுப்பார்கள். 2,000 கிலோ கடலை விளைந்த வயலில் 300 மி.மீ. பாசனமும் 200 மி.மீ. பயனுள்ள மழையும் இருந்தால், முதல் கணக்கில் திறன் 6.7, இரண்டாவதில் 4.0. வயல் ஒன்று, பயிர் ஒன்று, சான்றிதழ் இரண்டு.

தருமபுரியில் இது நுணுக்கச் சண்டை அல்ல. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் எட்டிப்பார்க்கும் மாவட்டம். கோடை மழையும் உண்டு. ஆடிப் பட்டத்து மானாவாரிக் கடலைக்கு மழை இழுத்தடிக்கும் வாரத்தில் கிணற்றிலிருந்து ஒரே ஒரு தண்ணீர் விட்டுக் காப்பாற்றினால், பாய்ச்சிய நீரை மட்டும் வைத்துப் போடும் கணக்கில் அதன் திறன் வானத்தைத் தொடும். மழையின் உழைப்பு அந்த ஒரு தண்ணீரின் பேரில் எழுதப்படுகிறது. மழை பெய்த ஆண்டின் ஆய்வையும் பொய்த்த ஆண்டின் ஆய்வையும் அருகருகே வைத்து ஒப்பிடுவோர் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

கீழே இறங்கும் நீர் 'இழப்பு' என்பதும் யாருடைய கணக்கு என்பதைப் பொறுத்தது. உழவருக்கு அது இழப்பு. பாறை வெடிப்பு வழியே அது பக்கத்துக் கிணற்றில் ஊறினால் பக்கத்துக்காரருக்கு வரவு. ஆவியாகிப் போனது மட்டுமே படுகைக்கு உண்மையான செலவு.

4. பயிருக்குப் பயிர்

உலக உணவு வேளாண்மை அமைப்பு 1979இல் வெளியிட்ட டோரன்போஸ், கஸ்ஸாம் ஆகியோரின் நூல், பயிருக்குப் பயிர் ஓர் எண்ணைத் தந்தது: நீர் நுகர்வு ஒரு பங்கு குறைந்தால் விளைச்சல் எத்தனை பங்கு குறையும் என்ற எண். பருவம் முழுக்கக் குறைவு சமமாகப் பரவியதாகக் கொண்டால் நிலக்கடலைக்கு 0.7, தக்காளிக்கு 1.05, கரும்புக்கு 1.2. பழைய எண்கள்தாம், இரகமும் மண்ணும் மாறினால் இவையும் மாறும். இருந்தாலும் தொப்பூருக்குத் தேவையான ஒரு முடிவை இவற்றிலிருந்து எடுக்கலாம்.

மூன்று பயிருக்கும் நுகர்வை 20 சதவீதம் குறைப்போம். கடலை 14 சதவீதம் இழக்கும், தக்காளி 21, கரும்பு 24. திறனைப் பார்த்தால் கடலையில் 7.5 சதவீதம் கூடுகிறது, தக்காளியில் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நிற்கிறது, கரும்பில் 5 சதவீதம் குறைகிறது. கையில் உள்ள நீர் இவ்வளவுதான் என்றால், கடலைக்காரர் அதை ஒன்றே கால் ஏக்கருக்குப் பரப்பலாம். கரும்புக்காரர் பரப்பைச் சுருக்கி வயிறாரக் கொடுப்பதே லாபம். 'குறைத்துப் பாய்ச்சு, திறன் கூடும்' என்ற பொதுப் பரிந்துரை கரும்புக்கு நேர் எதிரான விளைவைத் தரும்.

கடலையிலும் 7.5 சதவீதம் முழுதாகக் கைக்கு வராது. கூடுதல் கால் ஏக்கருக்கு உழவு, விதைப்பருப்பு, களை, பறிப்புக் கூலி எல்லாம் உண்டு. இன்றைய கூலியில் அந்தக் கால் ஏக்கர் தன் செலவையாவது எடுக்குமா என்பதை நீர்த்திறன் அட்டவணை சொல்லாது. இதைச் சேர்க்காத ஆய்வு முடிவுரையை நான் பாதி முடிவுரையாகவே வாசிக்கிறேன்.

அளவைவிடக் காலம் முக்கியம் என்பதையும் அதே நூல் காட்டுகிறது. கடலையில் இலை வளர்ச்சிக் காலத்துக்கு எண் 0.2 மட்டுமே, பூக்கும் காலத்துக்கு 0.8; காய் திரளும்போது 0.6, முற்றும்போது மீண்டும் 0.2. விதைத்து உயிர்த்தண்ணீர் விட்ட பிறகு, சில நாள் செடியைச் சற்று வாடவிடுவதால் பெரிய கேடில்லை. அடுத்துப் பூ ஒருசேர வரவும் அது உதவும். பூத்து விழுது மண்ணில் இறங்கும்போது மேல்மண் காய்ந்து இறுகிக் கிடந்தால் கதை வேறு. விழுது மண்ணைத் துளைக்காமல் தொங்கும், இறங்கியதும் பொக்காகும். தக்காளியிலும் பூக்கும் பருவத்தின் எண் 1.1. அதில் இன்னொரு சிக்கல்: காயவிட்டுத் திடீரென நிறையப் பாய்ச்சினால் பழம் வெடிக்கும், ஈரம் ஏறி இறங்கினால் சுண்ணாம்புச் சத்து காய்முனைக்குப் போய்ச் சேராமல் அடி கறுத்து அழுகும். எடையில் பெரிய வேறுபாடு இல்லாமலே சந்தையில் பாதி விலைக்குப் போகும் பழம் அது. கிலோவை மட்டும் எண்ணும் திறன் இதைப் பார்ப்பதில்லை.

5. போர் போடும் கணக்கு

ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. என்பது சுமார் 2 லட்சம் லிட்டர். இங்கே போரின் ஊற்றை உழவர்கள் இஞ்ச் கணக்கில் சொல்வார்கள்; நாம் நொடிக்கு 2 லிட்டர் என்று கொள்வோம். மணிக்கு 7,200 லிட்டர். ஒரு ஏக்கருக்கு ஒரு தண்ணீர் கட்ட 28 மணி நேரம். நாளுக்கு 7 மணி நேரம் மும்முனை மின்சாரம் என்று வைத்தால் நான்கு நாள்.

இதை மேலே சொன்ன விகிதங்களோடு பொருத்திப் பாருங்கள். விகிதம் 1.0 என்றால் 8 நாளுக்கு ஒரு சுற்று. அந்தப் போர் 2 ஏக்கரைத் தாங்கும். 0.75 என்றால் 11 நாள், 2¾ ஏக்கர். 0.6 என்றால் 14 நாள், 3½ ஏக்கர். ஆய்வு நிலையத்தில் 'பாசன நிலை' என்று தனித்து நிற்பது, தொப்பூர்க் காட்டில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்ற முடிவாகவே வருகிறது. உழவர் நீரின் அளவைத் தேர்ந்தெடுப்பதில்லை; பரப்பைத் தேர்ந்தெடுக்கிறார், அளவு தானாக அமைகிறது. அந்தத் தேர்வு விதைக்கும் அன்றே முடிந்துவிடுகிறது.

விதைக்கும் நாளில் போர் 2 லிட்டர் தருகிறது. பங்குனியில்? மார்கழிப் பட்டத்தில் போட்ட கடலை பூத்து, விழுது இறங்கி, காய் பிடிக்கும்போது மாசியும் பங்குனியும் வந்துவிடும், வெயில் ஏறி ஆவியாதலும் ஏறும், நீர்மட்டம் இறங்கும். ஊற்று ஒரு லிட்டராகக் குறைந்தால் 11 நாள் சுற்று 22 நாள் சுற்றாகிவிடும். வளர்ந்து நிற்கும் பயிரில் பாதியைக் கைவிட யாருக்கும் மனம் வராது. எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் விடுவார்கள். விளைவு: ஆய்வாளர்கள் பரிந்துரைக்கும் கட்டுப்படுத்திய பற்றாக்குறை இளம்பருவத்தில் விழ வேண்டியது, இங்கே நிகழும் பற்றாக்குறை பூவும் காயும் பிடிக்கும் பருவத்தில் விழுகிறது. ஆண்டு முழுக்கக் கூட்டினால் இரண்டும் ஒரே மில்லிமீட்டராக இருக்கலாம்; விளைச்சலில் இரண்டும் வெவ்வேறு உலகம். பெரெரஸும் சோரியானோவும் 2007இல் எழுதிய மதிப்பாய்வு, பற்றாக்குறைப் பாசனம் பழமரங்களில் நல்ல பலன் தருவது, ஓராண்டுப் பயிர்கள் பலவற்றில் எச்சரிக்கையோடு கையாள வேண்டியது என்கிறது. அந்த எச்சரிக்கைக்கு இங்கே கூடுதல் பொருள் உண்டு.

இன்னொன்றை வயலில் நின்றால்தான் பார்க்கலாம். மெலிந்த போர்த்தண்ணீரை நேரே வாய்க்காலில் விட்டால் செம்மண் முதல் பாத்தியிலேயே குடித்துவிடும். மடை மாற்றி மாற்றிக் கடைசிப் பாத்திக்குப் போய்ச்சேர்வதற்குள் கரண்டு நின்றுவிடும். தலைமடைக்கு 8 செ.மீ., கடைமடைக்கு 2 செ.மீ.; சராசரி 5. அந்த ஒரே காட்டுக்குள் மூன்று பாசன நிலைகள் இருக்கின்றன. அதனால்தான் போர்த்தண்ணீரைப் பழைய திறந்த கிணற்றில் விட்டுச் சேர்த்துவைத்து, பிறகு பெரிய மோட்டாரில் ஒரே மூச்சில் இறைக்கிறார்கள். இரண்டு முறை மின்சாரம் செலவானாலும் தண்ணீர் கடைமடையை எட்டுகிறது. சீரான பரவல் என்று பாடநூல் ஓர் அத்தியாயம் எழுதும் விஷயத்துக்கு இந்தப் பக்கத்து விடை அது.

6. சொட்டுநீரும் மிச்சப்பட்ட நீரும்

சொட்டுநீர் இந்தச் சீரின்மையைத் தீர்க்கிறது. செடிக்குச் செடி அளவு ஒன்றுபோலிருக்கும். வரிசைகளுக்கு இடையே மண் நனையாததால் ஆவியும் களையும் குறையும். பயிரின் தேவையில் 60, 80, 100 சதவீதம் என மூன்று நிலைகளில் செய்யும் சொட்டுநீர் ஆய்வுகள் பலவற்றில் 80க்கும் 100க்கும் இடையிலான விளைச்சல் வேறுபாடு புள்ளியியல் சோதனையில் நிற்பதில்லை. ஆகவே 80 போதும் என்பது நியாயமான முடிவு. ஆனால் சொட்டுநீரை வாய்க்கால் பாசனத்தோடு ஒப்பிடும் ஆய்வுகளைச் சற்றுத் தள்ளிவைத்தே படிக்க வேண்டும். சொட்டுநீர்ப் பாத்திக்குக் கரையும் உரம் குழாய் வழியே தவணை தவணையாகப் போகிறது. வாய்க்கால் பாத்திக்கு உரம் இரண்டு மூன்று முறை கையால் தூவப்படுகிறது. விளைச்சல் கூடினால் பெருமை தண்ணீருக்கா, உரத்துக்கா? இரண்டையும் பிரிக்கும் வகையில் திடலை அமைக்காத ஆய்வு இதற்கு விடை சொல்ல முடியாது.

இப்பகுதிக்கே உரிய தடங்கல் ஒன்றும் உண்டு. தருமபுரியின் ஆழ்துளை நீர் பல இடங்களில் கடினநீர். சொட்டுவான் துளையில் வெள்ளையாக உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். அமிலம் விட்டுக் கழுவாவிட்டால் இரண்டு பருவத்தில் ஒரு வரிசை வாடிக் கிடக்கும். குறைத்துப் பாய்ச்சும்போது உப்பைக் கீழே தள்ள உபரி நீரும் இருக்காது. நல்ல மழை வந்துதான் வேர்மண்ணைக் கழுவ வேண்டும்.

தமிழக அரசு சிறு, குறு உழவருக்கு நுண்ணீர்ப் பாசனத்துக்கு 100 சதவீதமும் மற்றவருக்கு 75 சதவீதமும் மானியம் தருகிறது. ஒன்றிய அரசின் 2015ஆம் ஆண்டுத் திட்டத்தின் முழக்கமே துளி ஒவ்வொன்றுக்கும் கூடுதல் விளைச்சல் என்பதுதான். விளைச்சல் கூடுகிறது, துளி மிஞ்சுகிறதா? 2018இல் 'சயின்ஸ்' இதழில் கிராஃப்டனும் சக ஆய்வாளர்களும் பல நாட்டுச் சான்றுகளை வைத்து, பாசனத் திறன் கூடிய இடங்களில் படுகையின் மொத்த நீர் நுகர்வு பெரும்பாலும் குறையவில்லை என்று காட்டினார்கள். நிலக்கரியைத் திறம்பட எரிக்கக் கற்றால் அதன் நுகர்வு குறையாது, கூடும் என்று பொருளியலாளர் ஜெவான்ஸ் 1865இல் சொன்னது இங்கேயும் பொருந்துகிறது. மேலே போட்ட கணக்கும் அதைத்தான் சொல்கிறது: 2¾ ஏக்கரைத் தாங்கிய போர் சொட்டுநீரில் நான்கு ஏக்கரைத் தாங்கினால், முன்பு தரிசாகக் கிடந்த ஒன்றேகால் ஏக்கரில் தக்காளியோ பூவோ ஏறும். போர் அதே ஏழு மணி நேரம்தான் ஓடும். முன்பு கீழே இறங்கிப் பக்கத்துக் கிணற்றில் ஊறியது இப்போது இலைவழியே காற்றில் போகும். உழவரின் திறன் கூடியது மெய். நீர்மட்டம் இறங்குவதும் மெய்.

இதற்காக உழவரைக் குறை சொல்வது அபத்தம். கடனில் போர் போட்டவர் மிச்சப்பட்ட நீரில் வருமானம் பார்ப்பது இயல்பு. 1990 முதல் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் கூடுதலாக இறைக்கும் லிட்டருக்கு விலையும் இல்லை. நீர் தாராளமாக இருக்கும்போது விலையில்லா நீரை விளைச்சலின் உச்சம்வரை விடுவதே பொருளாதாரப் பாடம்; 600 மி.மீ. விட்டவர் தவறு செய்யவில்லை. பற்றாக்குறை வந்ததும் அதே மனிதர் தானாகவே 400ஐ நோக்கி நகர்கிறார். கார்த்திகையில் ஏக்கர்க் கணக்கு, பங்குனியில் லிட்டர்க் கணக்கு.

நீர்மட்டம் இறங்குவதன் விலையை வேறொருவர் கட்டுகிறார். ஆழம் போகப்போக ஃபுளூரைடு மிகுந்த நீர் மேலே வருவது இம்மாவட்டத்தின் பழைய துயரம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. அதைத் தாண்டிய ஊர்களுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் தொடங்கப்பட்டது. ஹெக்டேர்-மில்லிமீட்டருக்கு எத்தனை கிலோ என்று போடும் வகுத்தலில் இந்தச் செலவுக்கு இடமில்லை.

7. எப்படி ஆய்ந்தால் தகும்

பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையமும் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் மையமும் இந்தப் பகுதிக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றன. கொள்ளிலும் சாமையிலும் பையூர் பெயர் தாங்கிய இரகங்களே உண்டு. மானாவாரியை அறிந்த நிலையம் அது. தொப்பையாறு ஆயக்கட்டிலும் அதையொட்டிய போர்க் காடுகளிலும் ஓர் ஆய்வு நடக்குமானால், மாறும் காரணியாக இடைவெளியை வைப்பதற்குப் பதில் வாரத்துக்கு இத்தனை லட்சம் லிட்டர் என்று நிலையான கொடையை வைக்க வேண்டும். அதை எத்தனை ஏக்கருக்குப் பரப்புவது என்பதே நிலைகளாக அமைய வேண்டும். கொடையைப் பருவத்தின் நடுவில் பாதியாகக் குறைக்கும் ஒரு நிலையும் வேண்டும், ஏனெனில் போர் அப்படித்தான் செய்கிறது. தலைமடை, கடைமடை விளைச்சலைத் தனித்தனியே நிறுக்க வேண்டும். கடலையில் பொக்கு, தக்காளியில் வெடிப்பு ஆகியவற்றைக் கழித்த விலைபோகும் எடை வேண்டும். பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் மூன்று நான்கு ஆண்டு சேர்த்தே குறிக்க வேண்டும்.

இப்படி அமைத்தால் ஆய்வு அலங்கோலமாகும். ஆண்டுக்கு ஆண்டு மழை குறுக்கிட்டுப் பிழை வீச்சு பெருகும். ஆய்வேட்டுக்கு ஏற்ற சுத்தமான வளைகோடு கிடைக்காது என்ற மறுப்பு வரும். மறுப்பில் நியாயம் உண்டு. பிழை வீச்சைக் குறைக்க, ஒரே போரின் கீழ் எல்லா நிலைகளையும் அடக்கி, அடுத்தடுத்த காடுகளில் திரும்பச் செய்வது ஒரு வழி. மழை நாட்களுக்கு நகரும் கூரையைத் திடலின் ஒரு பகுதிக்கு மட்டும் போடுவது இன்னொன்று. கூரைக்குச் செலவு அதிகம். முதல் வழிக்குத் தேவைப்படுவது, தம் போரில் நீரளவி பொருத்தச் சம்மதிக்கும் சில உழவர்களும், அந்த அளவை நாளை மீட்டராகித் தம் தலையில் விழாது என்ற உறுதிமொழியும்.